குளத்துச் சேறும் கலிஸ்டோவின் வளையங்களும்: பனி உபகோள்களில் பெரும் பள்ளங்கள் உண்டாகும் விதம்

ஆவணி மாதம் வன்னியின் சின்னக் குளங்கள் வற்றிக் கிடக்கும்போது, அலைகரையிலிருந்து துருசுப் (மதகுப்) பக்கமாக எருமையொன்று நடந்துபோன தடத்தைப் பாருங்கள். அலைகரையில் மண் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். குளம்பு ஒரு சின்னக் கிண்ணம்போல மட்டும் பதிந்திருக்கும். இன்னும் உள்ளே போனால் மேலே இரண்டு விரற்கடைப் பொருக்கு, அடியில் ஈரச் சேறு. அங்கே கால் பொருக்கை உடைத்துக்கொண்டு இறங்கியிருக்கும். காலை உருவியதும் சுற்றியிருந்த சேறு அடியால் நகர்ந்து குழியை நிரப்பியிருக்கும். அந்தச் சேற்றோடு மேற்பொருக்கும் இழுபட்டு, குழியைச் சுற்றி வில் வில்லாக வெடித்திருக்கும். துருசடிக்குக் கிட்டப் போனால் குழியே இருக்காது. சேறு மூடிவிட்டிருக்கும், நிறம் மாறிய ஒரு வட்டந்தான் மிச்சம்.

எருமை ஒன்றுதான். தடத்தை மாற்றியது அடியில் கிடந்த ஈரம்.

வியாழனையும் சனியையும் சுற்றும் பனி உபகோள்களில் உள்ள பெரும் பள்ளங்களும் இந்த மூன்று தடங்களைப் போலத்தான் இருக்கின்றன. சனியின் மீமாஸில் ஹேர்ஷல் பள்ளம் அலைகரைத் தடம்: ஆழமான கிண்ணம், கூர்மையான விளிம்பு. வியாழனின் கலிஸ்டோவில் வல்ஹல்லா பொருக்கு வெடித்த தடம்: நடுவில் பள்ளம் என்று சொல்ல ஒன்றுமில்லை, சுற்றிவர வளையத்துக்கு மேல் வளையம். வியாழனின் இன்னோர் உபகோளான கனிமீட்டின் மெம்பிஸ் துருசடித் தடம்: சுமார் 350 கிலோமீற்றர் அகலத்தில் வெளிறிய ஒரு வட்டம், கிட்டத்தட்டத் தட்டை. பள்ளத்தின் வடிவத்தைப் பார்த்தால், விழுந்தது என்ன என்பதைவிட அடியில் இருந்தது என்ன என்பதே கூடுதலாகத் தெரியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

விழுந்ததும் நடப்பது

வன்னியில் குண்டு விழுந்த குழிகளைக் கண்டவர்களுக்குச் சில விடயங்களை விளக்கத் தேவையில்லை. குழி குண்டின் அளவில் இருப்பதில்லை, அதைவிடப் பல மடங்கு பெரிது. குண்டு சரிவாக வந்தாலும் குழி வட்டமாகத்தான் இருக்கும். கிளப்பப்பட்ட மண் சுற்றிவர வரம்புபோலக் கிடக்கும். குழியைத் தோண்டியது இரும்பின் முனையல்ல, வெடிப்பு என்பதுதான் காரணம். வால்வெள்ளியோ சிறுகோளோ பனி உபகோள் ஒன்றில் மோதும்போது வெடிமருந்து எதுவும் இல்லை. வேகமே வெடிமருந்தாகிறது.

எவ்வளவு வேகம்? கனிமீட்டில் விழும் வால்வெள்ளிகள் சராசரியாகச் செக்கனுக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்றன. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு நாலு செக்கன். வியாழனின் ஈர்ப்பு அவற்றை உள்ளே இழுப்பதால், வியாழனுக்குக் கிட்ட இருக்கும் யூரோப்பாவில் இது 26 கிலோமீற்றர். தூரத்திலிருக்கும் கலிஸ்டோவில் 15. செக்கனுக்கு 20 கிலோமீற்றரில் வரும் ஒரு கிலோகிராம் பொருளின் இயக்கசக்தி 20 கோடி ஜூல். ஒரு கிலோகிராம் ரீ.என்.ரீ. வெடிமருந்து தருவது சுமார் 42 இலட்சம் ஜூல். ஆக வருகிற ஒவ்வொரு கிலோவும் தன் எடையைப்போல ஏறத்தாழ 48 மடங்கு வெடிமருந்துக்குச் சமம்.

10 கிலோமீற்றர் விட்டமுள்ள ஒரு பொருள் முழுவதும் தரைக்குள் புக அரைச் செக்கன் போதும். பனிக்கட்டிக்குள் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 4 கிலோமீற்றர்தான் ஓடும். வருகிற பொருளோ அதைவிட ஐந்து மடங்கு வேகமாக வருகிறது. அதனால் முன்னாலுள்ள பனிக்கு விலகிப்போக நேரமில்லை, அது நசுங்குகிறது. இந்த நசுக்கல் அதிர்ச்சி அலையாகக் கீழும் பக்கமும் ஓடுகிறது. அதே அலை விழுந்த பொருளுக்குள்ளும் பின்னோக்கி ஓடி அதை உருக்கி ஆவியாக்குகிறது. பெரும் பள்ளமொன்றின் அடியில் விழுந்த கல் முழுசாகப் புதைந்து கிடக்கும் என்று எண்ணுவது தவறு.

அதிர்ச்சி அலை கடந்துபோனதும் நசுங்கிய பனி விரிகிறது. விரியும்போது அது வெளியேயும் மேலேயும் பாயத் தொடங்குகிறது. இந்தப் பாய்ச்சல்தான் பள்ளத்தைத் திறக்கிறது. கிளம்பும் பொருள் நிலத்திலிருந்து ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில், மேல்நோக்கி விரிந்த ஒரு கூம்புத் திரைபோல எழுந்து, சுற்றிவர விழுகிறது. இப்படித் திறக்கும் பள்ளத்துக்குத் தற்காலிகப் பள்ளம் என்று பெயர். அதன் ஆழம் அகலத்தில் நாலிலொன்று முதல் மூன்றிலொன்று வரை இருக்கும். 100 கிலோமீற்றர் அகலமென்றால் ஆழம் 25 முதல் 33 கிலோமீற்றர். பலர் தவறவிடும் ஒன்று இங்கே உண்டு: அந்த ஆழம் முழுவதிலுமிருந்த பொருள் வெளியே வீசப்படவில்லை. வெளியே போனது மேல் மூன்றிலொரு பங்களவே. கீழே இருந்தது கீழும் பக்கமுமாகத் தள்ளப்பட்டிருக்கிறது. தள்ளப்பட்டது திரும்பி வரும்.

தற்காலிகப் பள்ளம் திறக்க எடுக்கும் நேரத்தைப் பள்ளிக்கூடக் கணக்காகவே மதிப்பிடலாம். பள்ளத்தின் அகலத்தை மீற்றரில் எடுத்து, அந்த உபகோளின் ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழச் செக்கன் கணக்கு வரும். கனிமீட்டின் ஈர்ப்பு முடுக்கம் செக்கனின் வர்க்கத்துக்கு 1.43 மீற்றர். அங்கே 100 கிலோமீற்றர் பள்ளத்துக்கு சுமார் 260 செக்கன், அதாவது நாலரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மீமாஸின் ஈர்ப்பு 0.064 மட்டுமே, பூமியில் 150இல் ஒரு பங்கு. அங்கே 130 கிலோமீற்றர் பள்ளத்துக்கு 24 நிமிடம் வரும். கொஞ்சம் பெரிய பள்ளம், ஐந்து மடங்குக்கு மேல் நேரம். ஈர்ப்புக் குறைந்தால் எல்லாம் ஆறுதலாகத்தான் நடக்கும்.

பனி ஏன் பாறையைப்போல நடப்பதில்லை

கனிமீட்டின் மேற்பரப்பு சுமார் மறை 160 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் பனி, முல்லைத்தீவுக் கரையில் மீன்பெட்டிக்குள் உடைத்துப் போடும் ஐஸைப் போன்றதல்ல, கல்லைப்போல இறுகியிருக்கும். அப்படியானால் அது பாறையைப்போலவே நடக்க வேண்டாமா?

நடப்பதில்லை. இதற்கு நல்ல சாட்சி நமது சந்திரன். சந்திரனின் ஈர்ப்பு 1.62, கனிமீட்டுடையது 1.43, பெரிய வித்தியாசமில்லை. சந்திரனில் 15 முதல் 20 கிலோமீற்றர் வரையான பள்ளங்கள் கிண்ணமாகவே நிற்கின்றன. அதற்கு மேல் போனால்தான் சுவர் சரிந்து, நடுவில் மேடு எழுகிறது. கனிமீட்டிலோ 2, 3 கிலோமீற்றரைத் தாண்டியதுமே சரிவு தொடங்கிவிடுகிறது. ஈர்ப்பு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க இந்த எல்லை இவ்வளவு கீழே இறங்கியிருக்கிறதென்றால், பொருள்தான் பலவீனமானது என்று அர்த்தம்.

உருகுதல் அதற்கு ஒரு காரணம். மறை 160 பாகையிலிருந்து ஒரு கிலோ பனியைச் சூடாக்கித் தண்ணீராக்க சுமார் 5.7 இலட்சம் ஜூல் தேவை. வருகிற ஒரு கிலோ கொண்டுவருவதோ 20 கோடி. முழுச் சக்தியும் உருக்கவே போனால் ஒரு கிலோ 350 கிலோ பனியை உருக்கிவிடும். உண்மையில் சக்தியின் பெரும்பகுதி தள்ளுவதிலும் வீசுவதிலும் போய்விடுவதால் இவ்வளவு உருகாது. ஆனாலும் பாறையில் விழுந்ததைவிடப் பனியில் விழுந்தால் உருகுவது கூடுதல். அதோடு அதிர்ச்சி அலை போன வழியெல்லாம் பனி நொறுங்கி, சில நிமிடங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு பாய்பொருளாகவே நடந்துகொள்கிறது.

மற்றக் காரணம் ஆழம். மேலே மறை 160 என்றாலும், கீழே போகப்போகச் சூடு ஏறும். மேலே மூடியிருக்கும் பனி ஓட்டின் அடியில் சமுத்திரம் இருந்தால் அங்கே பனி உருகுநிலையில் நிற்கும். அந்த இளஞ்சூட்டுப் பனி திண்மந்தான். ஆனாலும் பனியாறுகளில் பனி மலைச்சரிவால் இறங்குவதுபோல மெல்ல ஓடும். வற்றிய குளத்தின் நடுப்பகுதி நிலை இதுதான். மேலே பொருக்கு, கீழே சேறு. சின்னப் பள்ளம் பொருக்கிலேயே நின்றுவிடும். பெரிய பள்ளத்துக்கு அடிச்சேறு வரை எட்டும். அதனால் ஒரே உபகோளில் அளவு ஏற ஏற வடிவமும் மாறுகிறது.

கனிமீட்டில் இந்த மாற்றத்தை வரிசையாகப் பார்க்கலாம். மிகச் சின்னவை கிண்ணம். பிறகு நடுவில் சிகரமுள்ளவை. 30 கிலோமீற்றரைத் தாண்டிய பின் சிகரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழி. 60 கிலோமீற்றருக்கு மேல் அந்தக் குழிக்குள் வட்டமான ஒரு மேடு. நடுக்குழி ஏன் வருகிறது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒரே முடிவில்லை. உருகிய நீர் வெடிப்புகளால் கீழே வடிந்து மேல் தளம் இறங்கியது என்பது ஒரு விளக்கம். எழுந்த சிகரம் மென்மையாக இருந்ததால் தன் பாரத்தில் தானே அமர்ந்துபோனது என்பது இன்னொன்று. அதற்கும் மேல் மெம்பிஸ் போன்ற வெளிறிய வட்டங்கள். இவற்றுக்கு வானியலில் பலிம்ப்செஸ்ட் என்று பெயர். அழித்த சிலேற்றில் மங்கலாகத் தெரியும் பழைய எழுத்தைப் போன்றவை.

வளையங்கள் அலைகள் அல்ல

1979இல் வொயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படங்களில்தான் வல்ஹல்லா முதன்முதலில் தெரிந்தது. நடுவில் சுமார் 600 கிலோமீற்றர் அகலமான வெளிறிய பகுதி. அதைச் சுற்றி, நடுவிலிருந்து 1,900 கிலோமீற்றர் தூரம் வரை வளையங்கள். குறுக்களவு 3,800 கிலோமீற்றர். கலிஸ்டோவின் முழு விட்டமே 4,820தான்.

படத்தைப் பார்த்தவுடன் எவருக்கும் தோன்றுவது, இரணைமடுவில் கல்லெறிந்தால் எழும் வட்ட அலைகள் அப்படியே உறைந்துவிட்டன என்பது. பாடப்புத்தக விளக்கங்களிலும் இந்த உவமை வரும். சந்திரனின் பெரும் வளையங்களுக்கே ஒரு காலத்தில் இப்படியான விளக்கம் முன்வைக்கப்பட்டதுண்டு. வல்ஹல்லாவுக்கு இது பொருந்தாது.

அலையென்றால் மேடும் பள்ளமும் மாறி மாறி வரவேண்டும். வல்ஹல்லாவின் வெளி வளையங்கள் மேடுகள் அல்ல. இரண்டு பிளவுகளுக்கு நடுவில் நிலம் கீழே இறங்கிய நீண்ட தாழிகள் அவை. நிலம் இரண்டு பக்கமும் இழுபட்டால்தான் இப்படித் தாழி விழும்; பந்தற்காலை அசைத்துப் பிடுங்கும்போது அடிமண் வெடித்து அமருவதைப் போல. இன்னொன்று, பனிக்குள் அலை செக்கனுக்குச் சில கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். சில நிமிடங்களில் கடந்துபோய்விடும் அலையை நின்ற நிலையில் உறைய வைக்க எந்தக் குளிராலும் முடியாது.

நடந்தது எருமைக்காலின் கதை. 1978இல், வொயேஜர் வியாழனை அடைவதற்கு முன்பே, ஜே மெலோஷ், வில்லியம் மக்கினன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் பொறிமுறையை எழுதிவைத்தார்கள். தற்காலிகப் பள்ளம் பொருக்கை முழுவதும் ஊடறுத்து, கீழே ஓடக்கூடிய படை வரை இறங்கிவிடுகிறது. பள்ளம் திறந்து முடிந்ததும், அந்தக் கீழ்ப்படை எல்லாப் பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கிப் பாய்ந்து பள்ளத்தை நிரப்பத் தொடங்குகிறது. அது உள்ளே நகரும்போது மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் பொருக்கையும் உள்நோக்கி இழுக்கிறது. பொருக்கு மெல்லியது, இழுபட்டு நீளத் தெரியாதது. உடைகிறது, இழுவைக்குக் குறுக்காக, அதாவது வட்டமாக உடைகிறது. உடைந்த விளிம்புக்கு அப்பால் இருப்பதும் இழுபட்டு அடுத்த உடைவு. இப்படியே வெளியே வெளியே.

குளத்தில் கல்லெறிந்தால் அலை நடுவிலிருந்து வெளியே ஓடும். வல்ஹல்லாவில் நிலம் வெளியிலிருந்து நடுவுக்கு ஓடியிருக்கிறது. படம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் திசை நேரெதிர்.

பொருக்கின் தடிப்பு இங்கே தீர்மானிக்கும். பள்ளத்தின் ஆழத்தோடு ஒப்பிடப் பொருக்கு மிக மெல்லியதென்றால் வளையங்கள் ஏராளமாக, நெருக்கமாக விழும்: வல்ஹல்லா. தடிப்புக் கூடினால் ஒன்றிரண்டு பெரிய படிக்கட்டு விளிம்புகளோடு நின்றுவிடும்: கனிமீட்டின் தென்பகுதியில், 590 கிலோமீற்றர் அளவான கில்கமேஷ். பள்ளத்தால் ஊடறுக்க முடியாத அளவு தடிப்பென்றால் வளையமே இல்லை.

வீட்டுமுற்றத்தில் செய்து பார்க்க

இரண்டடி அகலமான பேசின் ஒன்றில் குளத்துக் களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஓர் அரையடி உயரத்துக்கு நிரப்புங்கள். பதம் ரொட்டி மாவைவிட இளக்கம், தோசை மாவைவிடத் தடிப்பு. வெயிலில் வைத்து மேலே அரைச் சென்ரிமீற்றர் முதல் ஒரு சென்ரிமீற்றர் வரை பொருக்கு கட்டும்வரை காயவிடுங்கள். இரண்டங்குல விட்டமுள்ள ஒரு பொல்லை நடுவில் மூன்று, நாலு அங்குலம் இறக்கி, மெதுவாகச் சுழற்றி உருவுங்கள். குழியைச் சுற்றி வில்போல வெடிப்புகள் விழுகின்றனவா என்று சில நிமிடம் கவனியுங்கள். பொருக்கில் முன்கூட்டியே சுண்ணாம்புத் தூளால் கட்டம் கீறி வைத்தால், கோடுகள் நடுவுக்கு நகர்வதைக் கண்ணால் அளக்கலாம்.

பிழைக்கும் இடங்கள் பல. மதிய வெயிலில் ஒரேயடியாகக் காயவிட்டால் பொருக்கு முதலே பாளம் பாளமாக வெடித்துவிடும். வெடிப்பு பொல்லால் வந்ததா வெயிலால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. பொருக்கு கட்டும்வரை ஈரச்சாக்கை இடைக்கிடை போட்டு மூடினால் இதைத் தவிர்க்கலாம். மணல் கூடிய மண் ஓடாது, இடியும். பேசின் சிறிதென்றால் சுவர் சேற்றை மறித்துவிடும். பொல்லை வெடுக்கென்று இழுத்தால் அது பொருக்கையும் சேர்த்து மேலே தூக்கிவிடும்.

இந்தச் சோதனை காட்டுவது சரிவுக் கட்டத்தை மட்டுமே. வெடிப்புக் கட்டத்தை முற்றத்தில் காட்ட வழியில்லை. இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து போடும் கல் தரையைத் தொடும் வேகம் செக்கனுக்கு 6 மீற்றர் சொச்சம். கனிமீட்டில் விழுவது அதைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் வேகம்.

மீமாஸ், டெத்திஸ்: ஒரே சனி, இரு விதமான பள்ளம்

மீமாஸின் விட்டம் 396 கிலோமீற்றர். அதில் ஹேர்ஷல் சுமார் 130 கிலோமீற்றர். கோளத்தின் மூன்றிலொரு பங்கு. மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலான நேர்த் தூரம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் என்பதை நினைத்தால் வன்னியின் முழு அகலமும் இதற்குள் போய் மிச்சமும் இருக்கும். ஆழம் சுமார் 10 கிலோமீற்றர். நடுச்சிகரத்தின் உயரம் 6 கிலோமீற்றருக்கு மேல். 2,524 மீற்றர் பீதுருதலாகலையை இரண்டு தரம் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் எட்டாது. இன்னும் கொஞ்சம் பெரிய மோதலென்றால் மீமாஸே சிதறியிருக்கும்.

டெத்திஸின் விட்டம் சுமார் 1,060 கிலோமீற்றர். அதிலுள்ள ஒடிசியஸ் 445 கிலோமீற்றர், இலங்கையின் வடக்குத் தெற்கு நீளத்தைவிடச் சற்றுக் கூட. ஆனால் அது ஹேர்ஷல்போலக் குழிந்து கிடக்கவில்லை. அதன் தரை டெத்திஸின் உருண்டையையே பின்பற்றி வளைந்திருக்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் குழி தெரியாது. பள்ளம் விழுந்தபோது டெத்திஸின் உட்பகுதி இளஞ்சூடாக இருந்திருக்கவேண்டும். பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகளில் அடிப்பனி ஓடித் தரையை மேலே தள்ளிச் சமப்படுத்திவிட்டது. வளையப் பள்ளத்தில் சில மணிநேரங்களில் நடந்தது இங்கே மெல்ல மெல்ல நடந்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென்று எடுக்கக்கூடாது. உடனடிச் சரிவு வெடிப்புகளை விட்டுச்செல்லும். நீண்டகாலத் தளர்வில் விளிம்பும் சின்னச் சின்ன விவரங்களும் கூர்மையாகவே நிற்க, பெரிய குழிவு மட்டும் மறையும்.

டெத்திஸில் இன்னொரு பாடமும் உண்டு. இத்தாக்கா என்னும் பெரும் பிளவு, சுமார் 100 கிலோமீற்றர் அகலத்தில், கோளத்தின் பாதிக்கு மேல் சுற்றி ஓடுகிறது. ஒடிசியஸ் விழுந்த அதிர்ச்சியில் பிளந்தது என்று நம்பப்பட்டது. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். காசினி விண்கலத்தின் படங்களில் பிளவுக்குள் கிடக்கும் சின்னப் பள்ளங்களை எண்ணியபோது, பிளவு பள்ளத்தைவிடப் பழையது என்று வந்தது. பக்கத்தில் இருப்பதெல்லாம் காரணமாகிவிடாது, எண்ணித்தான் பார்க்கவேண்டும்.

மீமாஸுக்கு வருவோம். 2024இல், அதன் சுற்றுப்பாதை அசைவுகளை ஆராய்ந்தவர்கள் 20, 30 கிலோமீற்றர் பனி ஓட்டுக்கு அடியில் சமுத்திரம் இருப்பதாக அறிவித்தார்கள். ஹேர்ஷலின் வடிவத்தை அறிந்தவர்களுக்கு இது இடித்தது. 130 கிலோமீற்றர்ப் பள்ளம் 30 கிலோமீற்றர் ஓட்டில் விழுந்திருந்தால் ஊடறுத்துச் சேற்றுத் தடமாகியிருக்கவேண்டும். ஆழக் கிண்ணமும் சிகரமும் மிஞ்சியிருக்காது. கணினி மாதிரிகளின்படி, ஹேர்ஷல் இந்த வடிவில் நிற்க அது விழுந்தபோது ஓடு குறைந்தது 55 கிலோமீற்றர் தடிப்பாக இருந்திருக்கவேண்டும். இரண்டும் உண்மையாக ஒரு வழி உண்டு: பள்ளம் முதலில், சமுத்திரம் பிறகு. அந்தச் சமுத்திரத்தின் வயது இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்குள் என்றே அந்த 2024 ஆய்வும் சொல்கிறது. கோள்களின் கணக்கில் இது நேற்று.

யூரோப்பாவில் இதே தர்க்கம் ஓட்டின் தடிப்பை அளக்கப் பயன்படுகிறது. அதன் மேற்பரப்பு இளையது. பெரும் பள்ளங்கள் மிகக் குறைவு. ஆனால் டயர், கலனிஷ் என்ற இரண்டு வளைய அமைப்புகள் இருக்கின்றன. ஓடு மெல்லியதென்று எடுத்துக் கணினியில் மோதிப் பார்த்தால், இவற்றின் வளையங்கள் இருக்கும் இடத்தில் வளையம் விழுவதில்லை. குறைந்தது 20 கிலோமீற்றர் தடிப்பு வைத்தால் விழுகிறது. துளையிடாமலே கிணற்று ஆழம் சொல்வது போன்ற வேலை.

படம் பார்க்கும்போது

உபகோள்களின் படங்கள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. பார்க்கும்போது ஏமாறுவதும் அதே அளவு சுலபம். சூரியன் உச்சியில் நிற்கும் நேரத்துப் படத்தில் நிறவேறுபாடு மட்டுமே தெரியும். ஆழமான பள்ளமும் தட்டை வட்டமும் ஒன்றுபோல இருக்கும். சாய்ந்த வெயிலில் எடுத்த படத்தைத் தேடுங்கள். நிழலின் நீளம் உயரத்தைச் சொல்லும். வியாழனைச் சுற்றிய கலிலியோ விண்கலத்தின் பெரிய அலைவாங்கி 1991இல் முழுதாக விரியாமல் போனதால், அது அனுப்பக்கூடிய படங்கள் மிகக் குறைந்தன. அதனால் கனிமீட், கலிஸ்டோ படங்களில் ஒரு பகுதி கூர்மையாகவும் பக்கத்துப் பகுதி மங்கலாகவும் இருக்கும். மங்கல் பகுதியில் வளையம் இல்லை என்று முடிவுகட்டக்கூடாது.

அளவு சொல்லும்போது எதை அளந்தீர்கள் என்பது முக்கியம். பள்ளம் விழுந்த பொருளைவிடப் பத்து முதல் இருபது மடங்கு அகலம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. வல்ஹல்லாவின் 3,800 கிலோமீற்றரை எடுத்து இருபதால் வகுத்தால் விழுந்தது 190 கிலோமீற்றர் என்று வரும்; அது பிழை. வெளி வளையம் பள்ளத்தின் விளிம்பல்ல, இழுபட்ட பொருக்கின் எல்லை. கைக்கணக்கை நடுப்பகுதிக்குத்தான் போடவேண்டும். அப்போது சில பத்துக் கிலோமீற்றர் என்று அடக்கமாக வரும்.

கனிமீட்டின் பழைய தழும்பு

கனிமீட்டின் மேற்பரப்பில் மூன்றிலொரு பங்கு இருண்ட பழைய நிலம். மிச்சம் பிறகு பிளந்து புதுப்பிக்கப்பட்ட வெளிர் நிலம். இருண்ட நிலத்தில் நீண்ட வளைந்த தாழிகள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. வெளிர் நிலம் குறுக்கே வந்து அழித்துவிட்டதால் இவை நெடுங்காலம் தனித்தனி அமைப்புகளாகவே எண்ணப்பட்டன. 2020இல் ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நவோயூக்கி ஹிராட்டாவும் கூட்டாளிகளும் பழைய படங்களையே திரும்ப எடுத்து, துண்டுகளின் வளைவுகளைத் தொடர்ந்து நீட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை ஒரே நடுவைச் சுற்றிய வட்டங்களாக அமைந்தன. நடுவிலிருந்து தரைவழியாக 7,800 கிலோமீற்றர் வரை தாழிகள். கனிமீட்டின் சுற்றளவில் பாதி சுமார் 8,270 கிலோமீற்றர். அதாவது ஒரு மோதலின் வெடிப்புகள் உபகோளின் மறுபக்கத்தைத் தொடும் அளவுக்குப் போயிருக்கின்றன.

2024இல் ஹிராட்டா வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த பொருளின் விட்டம் 300 கிலோமீற்றர் அளவு. தற்காலிகப் பள்ளம் 1,400 முதல் 1,600 கிலோமீற்றர். மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கைப் போட்டால் அது திறக்க 17 நிமிடம். பூமியில் டைனோசர்களை அழித்த பொருளின் விட்டம் சுமார் 10 கிலோமீற்றர்தான். இவ்வளவு பனி இடம்மாறியதால் கனிமீட்டின் நிறைச் சமநிலை குலைந்து, உபகோளே மெல்லப் புரண்டிருக்கும் என்கிறார் ஹிராட்டா. மோதல் நடந்த இடம் இப்போது வியாழனுக்கு நேரெதிர்ப் பக்கத்தில், இரண்டையும் இணைக்கும் கோட்டில் கிட்டத்தட்டச் சரியாக நிற்பதை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்.

இதைச் சரிபார்க்கும் விண்கலம் வழியில் இருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஜூஸ் 2023 ஏப்ரல் 14இல் கிளம்பியது. 2031 ஜூலையில் வியாழனை அடைந்து, 2034 டிசம்பரில் கனிமீட்டைச் சுற்றத் தொடங்கும் என்பது திட்டம். அதிலுள்ள ராடார் பனிக்குள் 9 கிலோமீற்றர் வரை பார்க்கும். லேசர் உயரமானி தாழிகளின் ஆழத்தை அளக்கும்.

அதுவரை கனிமீட்டை இங்கிருந்தே காணலாம். வியாழன் தெரியும் காலத்தில் 10×50 தொலைநோக்கி ஒன்றை மதிலில் ஊன்றிப் பிடித்தால், பக்கத்தில் நாலு புள்ளிகள் வரை தெரியும். அவற்றில் பெரும்பாலும் ஆகப் பிரகாசமானது கனிமீட். பள்ளம் எதுவும் தெரியாது. ஆனால் ஏழு நாளும் நாலு மணியும் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் அது வியாழனுக்கும் நமக்கும் இடையில் வரும். வியாழனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டும் உபகோள் என்பதால், அந்த நேரத்தில் நமக்குத் தெரிவது அதன் முதுகு. 400 கோடி ஆண்டுத் தழும்பின் நடு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.